கிளிப்பச்சை வெளுத்த கதை

போன மாதம் ஒரு புடவை திரும்பி வந்தது. கிழிசல் இல்லை, கறை இல்லை, பார்டரில் நூல் பிரியவில்லை. வாங்கிய அம்மா சொன்ன காரணம்தான் விசித்திரம்: படத்தில் பார்த்ததைவிடப் புடவை பளிச்சென்று இருக்கிறதாம். சாந்தமான ஒரு வெளிர்பச்சை என்று நினைத்து ஆர்டர் போட்டாராம், பிரித்துப் பார்த்தால் கண்ணைப் பறிக்கிற கிளிப்பச்சையாம், இந்த வயதில் இதைக் கட்டிக்கொண்டு எங்கே போவது என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். கேட்டது என் பெரியம்மா பெண்ணிடம். பதில் சொல்ல வேண்டியவன் நான், ஏனென்றால் படம் எடுத்தது நான்.

அக்கா வீடு பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்கு இரண்டு தெரு பின்னால். தெரியாதவர்களுக்குச் சொன்னால், வடசென்னையில் கல்யாணம் நிச்சயமானால் முதலில் கால் வைக்கிற இடம் அந்த ரோடுதான். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய் மறுமுனையில் விட்டுவிடும். அக்கா அங்கே மொத்த விலைக்கு எடுத்து வீட்டிலிருந்தே ஆன்லைனில் விற்கிறாள். நான் ஞாயிறு காலை ஏழரைக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழல் விழுகிற பக்கமாகக் கொடி கட்டி, ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு எடுத்துக் கொடுப்பேன். சம்பளம் அன்று சாயங்காலம் ஒரு தட்டு அத்தோ (பர்மா நூடுல்ஸ்), கூட ஒரு முட்டை. அதற்கு மேல் கேட்டதில்லை.

அன்றைக்குப் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“நீ புடிச்ச படந்தானேடா இது? புடவ ஒரு கலரு, படம் ஒரு கலரு. கஞ்சித் தண்ணில ஊற வெச்சா மாதிரி கீது.”

“என் கம்ப்யூட்டர்ல கரெக்டா தான் தெரியுதுக்கா.”

“அப்ப இன்னா, உன் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கூரியர்ல அனுப்பட்டுமா?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. புடவையையும் அவளுடைய போனையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தேன். நான் எடிட் செய்த கோப்பு அச்சு அசல் புடவை மாதிரியே இருந்தது. அவள் ஏற்றியிருந்த தளத்தில் அதே படம் சோகை பிடித்துக் கிடந்தது. என் முதல் சந்தேகம் அவளுடைய போன் திரை மேல்தான், ஆனால் அதே தளத்தை என் கணினியிலேயே திறந்தாலும் சோகைதான். சரி, தளம் படத்தைச் சுருக்குகிறதே, சுருக்கியதில் கெட்டிருக்கும் என்று நினைத்தேன். சுருக்கினால் படம் மங்கலாகும், கட்டம் கட்டமாகத் தெரியும், நிறம் ஏன் போக வேண்டும்?

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். மாடியின் சிமெண்ட் தரை இரண்டு படத்திலும் ஒரே சாம்பல். பின்னால் இருந்த சுண்ணாம்புச் சுவர் இரண்டிலும் ஒரே வெள்ளை. பச்சையும் சிவப்பும்தான் செத்திருந்தன. வெளிச்சத்தில் கோளாறு என்றால் சுவரும் சேர்ந்து மங்கியிருக்கும். சாம்பலையும் வெள்ளையையும் தொடாமல் வண்ணத்தை மட்டும் உறிஞ்சுகிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நிறத்தை அளக்கிற கணக்கில் கோளாறு. இன்னொன்றும் கவனித்தேன், இது இன்னும் வேடிக்கை: தளத்தில் அந்தப் படத்தின் மேல் தட்டி முழு அளவில் திறந்தால் கிளிப்பச்சை திரும்ப வந்துவிடுகிறது! பட்டியலில் தெரிகிற குட்டிப் படமும் நடுத்தரப் படமும்தான் வெளுத்தவை. முழுப் படத்தைத் திறந்து பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது, அந்த அம்மாவும் பார்த்திருக்க மாட்டார்.

கடைசியில் கோப்பின் பெயரைப் பார்த்தேன். என் கேமரா வழக்கமாக ‘ஐஎம்ஜி’ என்று தொடங்கித்தான் பெயர் வைக்கும். இதில் முதல் எழுத்துக்குப் பதில் ஒரு அடிக்கோடு, அதற்குப் பிறகு ‘எம்ஜி’. தலையில் அடித்துக்கொண்டேன். கேமராவில் நிறத்தை எழுதுகிற கணக்கை ‘அடோபி ஆர்ஜிபி’ என்பதற்கு மாற்றினால் அது கோப்பின் பெயருக்கு முன்னால் அந்த அடிக்கோட்டைப் போட்டுவிடும். கேனானும் செய்கிறது, நிக்கானும் செய்கிறது, கேமராக்கள் கோப்புக்குப் பெயர் வைப்பதற்கென்று இருக்கிற பொதுத் தரத்திலேயே வருகிற ஏற்பாடு இது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கல்யாண ஆல்பத்துக்காக நானே மாற்றி வைத்தது. ‘பிரிண்டுக்கு அடோபி போட்டாதான் கலர் நிக்கும்’ என்று ஒருவர் சொல்ல, பெரிய புகைப்படக்காரன் ஆகிவிட்ட நினைப்பில் மாற்றினேன், திரும்ப மாற்ற மறந்துபோனேன்.

இது ஏன் நிறத்தைக் கொல்கிறது என்பதை அக்காவுக்குப் பூக்காரம்மாவை வைத்துத்தான் விளக்கினேன். இங்கேயும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

நாலு முழம் மல்லி வேண்டும் என்று கேட்கிறோம். யார் முழம்? பூக்காரம்மாவின் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைதான் கணக்கு. குட்டையான ஆள் அளந்தால் பூ குறையும், நெட்டையான ஆள் அளந்தால் கூடும், எண் என்னவோ இரண்டிலும் நாலுதான். படக் கோப்பும் அப்படித்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு இத்தனை, பச்சை இத்தனை, நீலம் இத்தனை என்று 0 முதல் 255 வரை மூன்று எண்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். 255 பச்சை என்றால் யார் முழத்தில் 255 என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்காகக் கோப்போடு ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், அதுதான் கலர் புரொஃபைல். 1993-ல் அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் உட்பட எட்டு நிறுவனங்கள் கூடி ஐசிசி என்று ஒரு அமைப்பை உண்டாக்கி அந்தச் சீட்டில் என்ன எழுத வேண்டும் என்று வகுத்தன, அதனால்தான் அதை ஐசிசி புரொஃபைல் என்கிறோம். கிரிக்கெட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

முழங்களில் குட்டை முழம் எஸ்ஆர்ஜிபி. 1996-ல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து, அந்தக் காலத்துக் குண்டு மானிட்டர்கள் எதைக் காட்டுமோ அதை வைத்து வகுத்தது, 1999-ல் சர்வதேசத் தரமானது. இணையம் முழுக்க இதுதான் வழக்கு. சீட்டே இல்லாமல் ஒரு படம் வந்தால் உலாவி அதை எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். நெட்டை முழம் அடோபி ஆர்ஜிபி, அது 1998. அது பிறந்த கதை எனக்குப் பிடித்த கதை. போட்டோஷாப் 5-க்காக அடோபிக்காரர்கள் ஒரு டிவி தர ஆவணத்திலிருந்து எண்களை எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அந்தத் தரத்தின் பெயரையே இதற்கும் வைத்தார்கள். பிறகுதான் எடுத்த எண்கள் அந்தத் தரத்தின் உண்மையான எண்கள் இல்லை என்பது தெரிந்தது. அதற்குள் அச்சு வேலைக்கு அது நன்றாக இருக்கிறது என்று ஆட்கள் பழகிவிட்டார்கள். திருத்தினால் சண்டைக்கு வருவார்கள். அதனால் எண்களை அப்படியே விட்டுப் பெயரை மட்டும் அடோபி ஆர்ஜிபி 1998 என்று மாற்றிவிட்டார்கள். இன்றைக்கும் ஓரளவு விலையுள்ள எந்தக் கேமராவை எடுத்தாலும் மெனுவில் அந்தப் பிழைதான் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

இரண்டுக்கும் சிவப்பின் எல்லையும் நீலத்தின் எல்லையும் ஒன்றேதான். வித்தியாசம் பச்சையில். அடோபி ஆர்ஜிபியின் பச்சை வெகுதூரம் வெளியே போகிறது. வெள்ளை இரண்டிலும் ஒன்று, சாம்பல்களும் ஏறக்குறைய ஒன்று. என் சிமெண்ட் தரையும் சுண்ணாம்புச் சுவரும் ஏன் தப்பித்தன என்பது இப்போது புரிகிறதா?

புடவையின் பச்சையை எடுத்துக்கொள்வோம். எஸ்ஆர்ஜிபி கணக்கில் அது சுமார் 60, 170, 40. அடர்த்தியான, உயிருள்ள கிளிப்பச்சை. இதே நிறத்தை அடோபி ஆர்ஜிபியில் எழுதினால் ஏறக்குறைய 107, 168, 57 என்று வரும். நெட்டை முழம் இல்லையா, அதே நிறத்தைச் சொல்ல அதற்கு இவ்வளவு எட்ட வேண்டியதில்லை, அதனால் மூன்று எண்களும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். சீட்டு இருக்கும்வரை ஒரு குழப்பமும் இல்லை, உலாவி சீட்டைப் படித்து 60, 170, 40-க்குத் திருப்பிக் காட்டிவிடும். சீட்டைக் கிழித்துப் போட்டால் 107, 168, 57 என்பதைக் குட்டை முழத்தில் அளக்கும். சிவப்பு 60-லிருந்து 107-க்கு ஏறினால் அது எப்படிப்பட்ட பச்சை? பச்சையில் சாம்பலும் மஞ்சளும் கலந்து, நாலு நாள் வெயிலில் கிடந்த வாழை இலை. அரக்கு பார்டர் கதையும் இதுதான். எஸ்ஆர்ஜிபியின் முழுச் சிவப்பு 255 என்பது அடோபியில் 219. சீட்டு போனால் 219 ஆகவே காட்டும், சிவப்பு இறங்கி அரக்கு செங்கல் ஆகும்.

ஆக என் தப்பு பாதி. மீதிப் பாதி சீட்டைக் கிழித்தவன் தப்பு. கிழிக்கிறவன் ஏன் கிழிக்கிறான்?

நாம் ஒரு படத்தை ஏற்றினால் தளம் அதை அப்படியே வைத்துக்கொள்வது குறைவு. பிரித்து, நாலைந்து அளவுகளில் சுருக்கி, ஒவ்வொன்றையும் புதிதாக ஜேபெக் ஆக்கி வைக்கும். அந்தச் சுருக்குகிற இடத்தில்தான் சீட்டு தொலைகிறது. சில நேரம் வேண்டுமென்றே. ஜேபெக் கோப்பில் படத்துக்கு முன்னால் சில பொட்டலங்கள் இருக்கும். முதல் பொட்டலத்தில் எக்ஸிஃப் தகவல்: எந்தக் கேமரா, எத்தனை மணி, ஜிபிஎஸ் இருந்தால் எந்த வீட்டு மொட்டை மாடி என்பது வரைக்கும். அடுத்ததில் கலர் புரொஃபைல். வீட்டு முகவரி ஊருக்குத் தெரியக்கூடாது என்று தளம் முதல் பொட்டலத்தை அழிப்பது சரியான காரியம், நான் முழு ஆதரவு. ஆனால் அதற்கு எழுதுகிற கட்டளை பெரும்பாலும் ‘எல்லாவற்றையும் கழற்று’ என்கிற ஒரே கட்டளை. படங்களைச் சுருக்குகிற இமேஜ்மேஜிக் என்கிற மென்பொருளில் ‘ஸ்ட்ரிப்’ என்று போட்டால் எக்ஸிஃபும் போகும், புரொஃபைலும் கூடவே போகும். குழந்தையைக் குளிப்பாட்டப் போய்க் காது கம்மலையும் சேர்த்துக் கழுவி விட்டது மாதிரி.

சில நேரம் யாருக்கும் தெரியாமலே போகும். தளங்களை எழுதுகிற பிஎச்பி மொழியில் ஜிடி என்கிற நிரல் நூலகம் வழியாகப் படத்தைச் சுருக்கினால் சீட்டு வெளியே வராது. பைத்தான் மொழியில் அதே வேலைக்கான பில்லோ நூலகத்தை வைத்து ஜேபெக்காகச் சேமிக்கும்போது ‘சீட்டையும் சேர்த்து எழுது’ என்று நாமே சொல்லாவிட்டால் அது எழுதாது. அந்த நிரலை எழுதிய பையனின் சோதனைப் படமெல்லாம் எஸ்ஆர்ஜிபியாக இருந்திருக்கும், சீட்டு போனாலும் நிறம் மாறியிருக்காது, அவன் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

மூன்றாவது காரணம் எடை. பழைய ஹெச்பி எஸ்ஆர்ஜிபி புரொஃபைல் 3,144 பைட். நாலைந்து எம்பி படத்துக்கு அது தூசு. ஆனால் ஐந்து கிலோபைட் குட்டிப் படத்துக்கு மூன்று கிலோபைட் சீட்டு என்றால், பார்சலைவிட அதன் மேல் ஒட்டிய முகவரி கனமாக இருக்கிறது, அதைக் கோடிக்கணக்கான படங்களால் பெருக்கிப் பாருங்கள். இதற்கு ஃபேஸ்புக்காரர்கள் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது: சீட்டைக் கிழிக்காமல் அதையே 524 பைட்டுக்குச் சுருக்கிவிட்டார்கள். அங்கிருந்து இறக்கிய படத்தை, கோப்பின் பொட்டலங்களைப் பிரித்துக் காட்டுகிற எக்ஸிஃப்டூலில் போட்டுப் பார்த்திருந்தால் புரொஃபைலின் பெயர் ‘சி2’ என்றும் உரிமை ‘எஃப்பி’ என்றும் கண்ணில் பட்டிருக்கும். அதுதான் இது.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே வெளுப்பினால்தான். கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுக்க வந்து குடியேறியவர்களின் பேட்டை. கம்பெனி போனது, வெளுப்புத் தொழில் போனது, பேர் நின்றது. இப்போது அங்கிருந்து கிளம்புகிற புடவையை எங்கேயோ ஒரு சர்வர் சும்மா உட்கார்ந்த இடத்தில் வெளுத்துக் கொடுக்கிறது. கூலி கூடக் கேட்கவில்லை.

சரி, எந்தத் தளம் என்ன செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பச்சைப் புடவையை வைத்துப் பார்த்தால் சட்டென்று தெரியாது, ‘கொஞ்சம் டல்லா இருக்கோ’ என்று குழம்புவோம். அதனால் ஒரு குறும்பு வேலை செய்தேன். தள்ளுவண்டியில் வாங்கி வந்த வாழைப்பழச் சீப்பை ஒரு படம் எடுத்து, அதன் மூன்று வண்ணங்களின் இருக்கையை வேண்டுமென்றே மாற்றினேன்: சிவப்பின் இடத்தில் பச்சை எண், பச்சையின் இடத்தில் நீலம், நீலத்தின் இடத்தில் சிவப்பு. இப்போது வாழைப்பழம் ஊதாவாகத் தெரியும். பிறகு அதே குளறுபடியைத் தலைகீழாகச் சொல்கிற ஒரு புரொஃபைலைத் தயாரித்து ஒட்டினேன். அதாவது, ‘இதில் சிவப்பு என்று எழுதியிருப்பது உண்மையில் பச்சை’ என்று சொல்கிற சீட்டு. சீட்டைப் படிக்கிறவனுக்குப் பழம் மஞ்சள். படிக்காதவனுக்கு ஊதா. சந்தேகத்துக்கே இடமில்லை. இதே யோசனையில் செய்த சோதனைப் படங்கள் இணையத்தில் தேடினாலும் கிடைக்கும், ஆனால் நம் வாழைப்பழம் நம் வாழைப்பழம்தான்.

அதை எனக்குக் கணக்கு இருக்கிற இடத்திலெல்லாம் ஏற்றிப் பார்த்தேன். சில இடங்களில் பழம் மஞ்சளாகவே வந்தது, இறக்கிப் பார்த்தால் என் கிறுக்குச் சீட்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. இவர்கள் உத்தமர்கள். சில இடங்களில் மஞ்சள்தான், ஆனால் இறக்கிய கோப்பில் என் சீட்டு இல்லை, எண்களையே எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி எழுதியிருந்தார்கள். இவர்கள் விவரமானவர்கள். மாற்றி எழுதிவிட்டால் அதற்குப் பிறகு சீட்டு இல்லாவிட்டாலும் குடிமுழுகாது, ஏனென்றால் சீட்டில்லாததை எல்லோரும் எஸ்ஆர்ஜிபி என்றுதானே படிப்பார்கள். மீதி இடங்களில் ஊதாப் பழம். அக்கா விற்கிற தளத்தில் பட்டியலில் ஊதா, முழு அளவில் மஞ்சள். அதாவது வந்த மூலப்படத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, சுருக்கியதில் மட்டும் கோட்டை விடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன், வாழைப்பழப் படத்தோடு. ‘உங்கள் திரையின் பிரைட்னஸை அதிகரித்துப் பாருங்கள்’ என்று பதில் வந்தது.

உலாவிகளைக் குறை சொல்ல இப்போது ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. சஃபாரி வெகுநாளாகவே சீட்டைப் படித்தது, ஃபயர்ஃபாக்ஸ் 2009-ல் 3.5 பதிப்பிலிருந்து தானாகப் படிக்கத் தொடங்கியது, குரோம் இன்னும் தாமதமாகச் சேர்ந்துகொண்டது. ஆண்ட்ராய்டில் நிற மேலாண்மை என்ற ஒன்றே 2017-ல் 8-ஆம் பதிப்போடுதான் வந்தது. இன்றைக்கு எல்லாரும் படிக்கிறார்கள், படிப்பதற்குச் சீட்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

‘நான் கேமராவே வைத்திருக்கவில்லை, போனில்தான் எடுக்கிறேன், எனக்கென்ன’ என்று நினைக்கிறீர்களா? அங்கேயும் உண்டு. 2016-ல் வந்த ஐபோன் 7-லிருந்து ஐபோன் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்கிற மூன்றாவது முழத்தில் வருகின்றன. அமைப்பில் போய் ஐபோனின் வழக்கமான ஹெச்இஐசி கோப்பு வகை வேண்டாம், ஜேபெக்காகவே எடு என்று மாற்றினாலும் முழம் மாறாது, பி3 பி3-தான். சீட்டு போனால் இங்கேயும் வெளுப்பு உண்டு, ஆனால் அடோபி அளவுக்குப் பச்சை அடிவாங்காது, சிவப்பு கொஞ்சம் இளகும். எஸ்ஆர்ஜிபியின் முழுச் சிவப்பு பி3-யில் 234, 51, 35. குங்குமப்பொட்டு சற்றே ஆரஞ்சுப் பக்கம் சாயும், பார்ப்பவர் போன் பழசு என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். அதனால்தான் இதை யாரும் கண்டுபிடிப்பதே இல்லை.

சரிசெய்கிற வழி எளிதுதான்: ஏற்றுவதற்கு முன்னால் நாமே எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட வேண்டும். லைட்ரூமில் எக்ஸ்போர்ட் செய்யும் இடத்தில் எஸ்ஆர்ஜிபி என்று தேர்ந்தெடுத்தால் போதும், போட்டோஷாப்பில் இணையத்துக்காகச் சேமிக்கும் பெட்டியில் ‘எஸ்ஆர்ஜிபிக்கு மாற்று’ என்று ஒரு டிக் இருக்கிறது. பக்கத்தில் புரொஃபைலைச் சேர்த்து எழுது என்றும் ஒரு டிக் இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள், தளம் கிழித்தாலும் நஷ்டமில்லை.

ஆனால் இதிலும் நான் ஒரு தடவை வழுக்கினேன். போட்டோஷாப்பில் இரண்டு கட்டளைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன: ‘அசைன்’, ‘கன்வெர்ட்’. நான் அவசரத்தில் அசைன் போட்டேன். எண்களைத் தொடாமல் சீட்டை மட்டும் மாற்றி ஒட்டுவது அது. நெட்டை ஆள் அளந்து எழுதிய நாலு முழத்தின் மேல் ‘குட்டை ஆள் அளந்தது’ என்று பொய்ச் சீட்டு. தளம் செய்த அதே வெளுப்பை என் வீட்டிலேயே, என் கையாலேயே, பன்னிரண்டு படத்துக்குச் செய்து முடித்துவிட்டுத்தான் விழித்தேன். போட வேண்டியது கன்வெர்ட். அது எண்களைத் திருத்தி எழுதும். படம் திரையில் அப்படியே மாறாமல் இருந்தால் நீங்கள் செய்தது கன்வெர்ட், பட்டென்று நிறம் மாறினால் அசைன், உடனே அன்டூ.

அக்கா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப இனிமே எல்லாப் புடவையும் அதே கலர்ல தெரியுமா?” என்றாள். இல்லை என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. வாடாமல்லி நிறத்தில் ஒரு புடவை வைத்திருக்கிறாள், அந்த ஊதாச் சிவப்பு எஸ்ஆர்ஜிபியின் வேலிக்கு வெளியே நிற்கிறது. எவ்வளவு ஒழுங்காக மாற்றினாலும் வேலியோரம் வந்து நின்றுவிடும், மடிப்புகளில் இருக்கிற நுணுக்கம் ஒன்றாகக் கலந்து மொத்தையாகத் தெரியும். அதற்கு நான் செய்வது செறிவைக் கொஞ்சம் குறைத்து மடிப்பைக் காப்பாற்றுவது, கீழே ‘நேரில் இன்னும் அழுத்தமான நிறம்’ என்று ஒரு வரி எழுதச் சொல்வது. மயில்கழுத்து இன்னும் மோசம். அது பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நின்ற இடத்தில் பச்சை, ஒரு அடி தள்ளி நின்றால் நீலம். அந்தப் புடவைக்கு நிறம் என்ன என்று கேட்டால் நெய்தவருக்கே இரண்டு பதில் இருக்கும். அதை இரண்டு கோணத்தில் இரண்டு படமாகப் போட்டுவிட்டோம். வீடியோ இன்னும் நல்லது, ஆனால் வீடியோவின் நிறக் கதையைத் தொடங்கினால் இன்றைக்கு முடியாது.

இன்னொன்று, கடைக்கு ஃபிளெக்ஸ் அடிப்பதற்காகத் தயாரித்த கோப்பையே தளத்திலும் ஏற்றாதீர்கள். அது சிஎம்ஒய்கே-யாக, அதாவது அச்சு மைகளின் கணக்கில், இருந்தால் மூன்று எண்ணுக்குப் பதில் நாலு எண், அதைப் பார்த்துச் சில தளங்கள் கோப்பே வேண்டாம் என்கின்றன, சில எடுத்துக்கொண்டு திருவிழா சீரியல் லைட் மாதிரி ஏதோ ஒரு நிறத்தில் காட்டுகின்றன. வாட்ஸப்பில் வாடிக்கையாளருக்கு நேராக அனுப்புவதானால் ‘ஆவணம்’ என்று அனுப்பினால் கோப்பு அப்படியே போகும்.

கேமராவை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டேன். பெயருக்கு முன்னால் இப்போது அந்தக் கோடு வருவதில்லை. பழைய படங்களில் கோடு போட்டவை 86 இருக்கின்றன, எல்லாவற்றையும் மாற்றித் திரும்ப ஏற்ற வேண்டும். நேற்று ராத்திரி வரை 31 முடிந்தது. திரும்பி வந்த கிளிப்பச்சையைப் பெரியம்மா எடுத்துக்கொண்டார், வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு போனார். அக்கா அந்தக் கூரியர் காசு, போக வர இரண்டுக்கும் சேர்த்து, என் அத்தோ கணக்கில் கழித்துவிட்டாள். முட்டை மட்டும் தருகிறாளாம்.